இருப்பு: நான்கு

எழிலரசி எழுதுவதை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம், நான்காவது மாடியில் இருந்த ஒரு பார்சல் கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனி செய்து வைத்திருக்கும் கருவிகளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கையேடு எழுதுவாள். முன்பு அவற்றை மற்ற கம்பெனிகளின் இன்ஜினியர்கள் படித்தார்கள். கடந்த மூன்று வருடமாக ஏஜென்ட்டுகள் என்ற கணினி நிரல்கள் மட்டும்தான் படிக்கின்றன.

ஏஜென்ட் இல்லாத வீடு அப்போதெல்லாம் அபூர்வம். அரிசி தீரப் போகிறது என்றால் அதுவே கண்டுபிடித்து, எங்கே வாங்கலாம் என்று பார்த்து, வாங்கிவிட்டுச் சொல்லும். அப்படி வாங்குவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பார்சல் கம்பெனிகளை ஒரே நொடியில் கேட்கும்: இந்த வீட்டுக்கு எப்போது கொண்டு போய்ச் சேர்ப்பாய்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவிக்கு எழிலின் கம்பெனியில் 'எப்போது' என்றே பெயர். கம்பெனியை ஆரம்பித்தவருக்குத் தமிழ்மேல் பிடிப்பு அதிகம். கருவிக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தமிழில்தான் பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஏஜென்ட்டுகளுக்கு எழுதுவதில் ஒரு விதி உண்டு. கையேட்டில் விளக்கம் இல்லாத எதையும் அவை தொடாது. விளக்கம் இருந்தால், எழுதியிருக்கிறபடியே நடக்கும். எழுத்துப் பிழையைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒருமுறை எழில் கைமறதியாக 'ஞாயிறு தவிர' என்பதை 'ஞாயிறு தவறாமல்' என்று எழுதி வைக்க, ஒரு வாரம் கம்பெனியில் யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாமல் போனது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை 'எப்போது' கருவியின் புதிய பதிப்பு வெளியாக இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு எழில் கையேட்டை எழுதத் தொடங்கினாள். பெறுபவரின் பெயர், முகவரி, பார்சலின் எடை ஆகியவற்றைக் கொடுத்தால், மிக முந்திய தேதி, மிகப் பிந்திய தேதி என்று இரண்டு பதில் வரும். பழைய பதிப்பிலும் அது உண்டு. புதிதாக மூன்றாவது பதில் ஒன்று சேர்ந்திருந்தது. பெயர் 'இருப்பு'. ஒவ்வொரு தேதிக்கும் நேராகப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்.

அது கிடங்கில் உள்ள சரக்கு இருப்பு என்று நினைத்து எழில் அப்படியே எழுதினாள். எழுதிய வரைவை முதலில் படித்துப் பார்ப்பதற்கென்று கம்பெனியில் ஒரு சோதனை ஏஜென்ட் இருந்தது. அது படித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டது: 'ஒரே கிடங்கு, ஒரே பொருள், இரண்டு வெவ்வேறு வீடுகளுக்கு அனுப்பினால் இருப்பு மாறுகிறது. வாங்குபவரைப் பொறுத்துக் கிடங்கில் சரக்கு கூடுமா, குறையுமா?'

எழிலுக்கும் புரியவில்லை. கருவியைச் செய்த தாஜுதீனிடம் போய்க் கேட்டாள். அவர் கூச்ச சுபாவி, ஹெட்போனைக் கழற்றாமலே பேசுவார். அது சரக்கு இருப்பு இல்லை, ஆள் இருப்பு என்றார். பார்சலோடு போகும்போது வீட்டில் அந்த ஆள் இருப்பாரா என்பதற்கான மதிப்பீடு.

"பையன்கள் வாஷிங் மிஷினைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறிப் போறாங்க. வீடு பூட்டியிருக்கு. திரும்பத் தூக்கிக்கிட்டு இறங்குறாங்க. அதுக்காகத்தான் செஞ்சோம்," என்றார்.

எப்படி மதிப்பிடுகிறது என்று எழில் கேட்டாள். அது தனக்கே சரியாகத் தெரியாது என்று தாஜுதீன் ஒத்துக்கொண்டார். பல லட்சம் பார்சல்களைக் காட்டி, இதில் ஆள் இருந்தார், இதில் இல்லை என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மற்றதெல்லாம் அதுவாகக் கற்றுக்கொண்டது. எதைப் பார்த்துச் சொல்கிறது என்று கேட்டால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விஷயங்களை அடுக்கும், ஆனால் அதில் எதுவும் நமக்குக் காரணமாகத் தெரியாது. பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும் என்பது மட்டும் உறுதி.

கையேட்டில் உதாரணம் கொடுக்க வேண்டும் என்பதால் எழில் தனக்குத் தெரிந்த முகவரிகளைப் போட்டுப் பார்த்தாள். முதலில் தன்னுடைய அறை. வார நாட்களில் இருபதுக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை எண்பத்தெட்டு. சரிதான். அடுத்து திண்டுக்கல்லில் இருக்கும் அப்பா. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லா நாளும் தொண்ணூற்றேழு. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். மூன்றாவதாகக் கரூரில் இருக்கும் அக்கா மதியரசியின் வீடு.

ஜூன் பதினான்காம் தேதி வரை தொண்ணூற்றெட்டு. பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை, நான்கு. பதினாறாம் தேதியும் நான்கு. எழில் தேதிகளைத் தள்ளிக்கொண்டே போனாள். ஜூலை, ஆகஸ்ட், தீபாவளி. எல்லாவற்றுக்கும் நேராக நான்கு, சில இடத்தில் மூன்று.

பழுது என்றுதான் முதலில் நினைத்தாள். அக்காவின் கணவர் கிருபாகரனின் பெயரைப் போட்டாள். வழக்கம்போல இருந்தது. பகலில் குறைவு, மாலையில் அதிகம். பதினைந்தாம் தேதிக்கு அப்புறமும் அப்படியேதான். அக்கா பெயருக்கு மட்டும்தான் நான்கு. மறுபடி தாஜுதீனிடம் போனாள். யாருடைய முகவரி என்று சொல்லாமல் எண்களை மட்டும் காட்டினாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியூர் பயணம் என்றால் திரும்பி வரும் தேதியில் எண் ஏறும், இது ஏறவில்லை என்றார். குடும்பமே வீடு மாறுகிறார்கள் என்றால் மற்றவர்களுக்கும் இறங்கியிருக்கும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது எழிலுக்குப் புரிந்தது.

அன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தாள். எப்போதும்போல அக்கா ஸ்பீக்கரில் பேசினாள். மாமா வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்கா ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அது ஏன் என்று எழில் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றாள் அக்கா. டாக்டரிடம் ஏதாவது போனாயா என்றாள். எதற்கு டாக்டர் என்றாள் அக்கா. மகள் யாழினிக்குப் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும், வேலை கிடக்கிறது என்று வைத்துவிட்டாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. எழிலுக்கு அதனால் நிம்மதியும் வரவில்லை, பயமும் போகவில்லை.

சனிக்கிழமை, ஆறாம் தேதி, சிங்காநல்லூரில் பஸ் ஏறிக் கரூருக்குப் போனாள். தாந்தோணிமலைப் பக்கம் அவர்கள் வீடு. கிருபாகரன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். அன்று சீக்கிரமே வந்திருந்தார். மச்சினி வந்திருக்கிறாள் என்று மீன் வாங்கி வந்தார். சாப்பிடும்போது எழிலின் இலையில் அவரே பார்த்துப் பார்த்து வைத்தார். யாழினிக்கு மீனின் முள்ளை எப்படி எடுப்பது என்று ஒரு கதையே சொன்னார். எழில் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். உடம்பு இளைக்கவில்லை, இருமல் இல்லை. கருவி உளறியிருக்கிறது என்றே எழில் முடிவுக்கு வந்திருந்தாள்.

சாப்பிட்ட பிறகு அக்கா துணி காயப் போட மொட்டை மாடிக்குப் போனாள். எழிலும் கூடப் போனாள். அங்கே வைத்துச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அக்கா, பதினஞ்சாம் தேதி எங்கயாச்சும் போறியா?"

மதியரசி கையில் இருந்த ஈரப் பாவாடையைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"யாருடி சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, கம்பெனியில் இருக்கும் ஒரு கருவி சொல்கிறது என்றாள் எழில். அக்காவுக்கு அது புரியவில்லை. திரும்பத் திரும்ப, நான் யாரிடமும் மூச்சு விடவில்லையே என்றாள். பிறகு பக்கத்து மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மறைவாக உட்கார்ந்து சொன்னாள்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. கூடப் படித்தவள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். தங்குவதற்கு ஓர் அறையும் கொடுப்பார்கள். யாழினியை அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள். பதினைந்தாம் தேதி வேலையில் சேர வேண்டும். அன்று காலை அவர் பட்டறைக்குப் போனதும் கிளம்பிவிடுவதாக இருந்தாள். ஏற்பாடெல்லாம் யாழினியின் பள்ளிக்கூடத்து வாசலில், வேறு ஒரு அம்மாவின் போனில் பேசி முடித்தது.

எழிலுக்கு முதலில் வந்தது ஆறுதல். அக்காவுக்கு நோயில்லை. அப்புறம்தான் மற்றது உறைத்தது.

"அடிச்சாரா?"

"இல்லடி. அடிச்சிருந்தா சொல்றதுக்குச் சுலபமா இருந்திருக்கும்."

வீட்டில் ஒரே ஏஜென்ட், அது அவருடையது என்றாள் அக்கா. கதவு திறந்தால் அவருக்குச் செய்தி போகும். போன் பேசினால் அதன் காதில் விழுகிற மாதிரி ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். பால் வாங்கக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆனால் சிரித்துக்கொண்டே போன் செய்து, யாரைப் பார்த்தாய் என்பார். கோபமே படமாட்டார். பதில் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்லத் தனக்கு வாய் வரவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் சும்மா ஜன்னல் பக்கம் நின்றால்கூட அதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்றாள். பதினொரு வருடம் அப்படி.

கருவிக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். அக்கா எதுவும் வாங்கவில்லை. தன் பெயருக்கு மாதாமாதம் வரும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை மட்டும் அடுத்த மாதம் வேண்டாம் என்று நிறுத்தியிருந்தாள். வேறு ஒன்றும் இல்லை. ஒரு எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து இவ்வளவு தெரியுமா?

அக்கா கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "அவரோட ஏஜென்ட் கேட்டா, அதுக்கும் இதைச் சொல்லிருமா?"

இன்னும் சொல்லாது என்றாள் எழில். பன்னிரண்டாம் தேதி கையேடு வெளியாகும்வரை எந்த ஏஜென்ட்டுக்கும் அந்த எண் என்னவென்றே தெரியாது. அதற்குப் பிறகு தெரிவதும் தெரியாததும் கையேட்டில் தான் எழுதுவதைப் பொறுத்தது. இதைச் சொல்லும்போதே தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை எழில் தன் மேலதிகாரி ரெபேக்காவிடம் போனாள். இருப்பு என்பதைக் கையேட்டில் விட்டுவிடலாம் என்றாள். காரணம் கேட்டதற்கு, யார் யாரோ யாருடைய வீட்டைப் பற்றியும் கேட்கலாமே என்று பொதுவாகச் சொன்னாள். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. அது எழிலின் ரகசியம் இல்லை, அக்காவுடையது.

ரெபேக்கா கல்நெஞ்சுக்காரி இல்லை. பார்சல் கொண்டுபோகும் வேலையில்தான் இருபது வருடம் முன்பு அவர் ஆரம்பித்தார், அந்தப் படிகளெல்லாம் ஏறியவர். பெயரும் முகவரியும் இரண்டுமே தெரிந்தால்தான் கருவி பதில் சொல்லும், தெரியாதவர்கள் கேட்க முடியாது என்று விளக்கினார். எழிலுக்கு அதுதான் பயமே. தெரிந்தவர்கள் கேட்பார்களே. அக்காவை இழுக்காமல் அதைச் சொல்ல வழி இல்லை. விளக்கம் இல்லாமல் விட்டால் ஆறு மாத வேலை வீண் என்றார் ரெபேக்கா. பொய்யான விளக்கம் எழுதக்கூடாது என்றும் சொன்னார்.

"மனுஷன்கிட்ட தப்பா சொன்னா, அவன் பாதி நம்புவான், பாதி சந்தேகப்படுவான். இதுங்க அப்படி இல்ல எழில். முழுசா நம்பும். உண்மை எதுவோ அதை மட்டும் எழுதுங்க."

மூன்று நாள் எழில் அந்த ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். எழுதினாள், அழித்தாள். 'பெறுபவர் வீட்டில் இருப்பதற்கான வாய்ப்பு' என்று எழுதினால் அக்காவின் கதை முடிந்தது. 'புறக்கணிக்கவும்' என்று எழுதினால் ரெபேக்கா விடமாட்டார். வியாழக்கிழமை மாலை, பொய்யும் இல்லாத, காட்டியும் கொடுக்காத ஒரு வாசகம் கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. இப்படி எழுதினாள்:

'இருப்பு: பெறுபவர் தொடர்பான மதிப்பீடு. இதன் பொருள் முழுமையாக உறுதி செய்யப்படவில்லை. பார்சல் திரும்பி வராமல் இருக்க இதைக் கவனத்தில் கொள்ளலாம். இதை யாரிடமும் வெளியிட அனுமதி இல்லை.'

ரெபேக்கா இரண்டு தடவை படித்தார். உண்மைதானே, சரி என்றார். தாஜுதீனும் தலையாட்டினார். சோதனை ஏஜென்ட் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கையேடு வெளியானது.

மறுநாள் சனிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, எழிலுக்கு விடுமுறை. மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு கிருபாகரன் போன் செய்தார். பின்னால் பட்டறையில் தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது.

அவர் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். பதினெட்டாம் தேதி உங்க அக்காவுக்குப் பிறந்த நாள், தெரியுமில்லையா என்றார். அவளுக்குத் தெரியாமல் ஒரு கிரைண்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று, அவள் பெயருக்கே வருகிற மாதிரி ஏஜென்ட்டிடம் சொன்னாராம். எழிலின் கம்பெனி மூலமாகத்தான் வருகிறது. எல்லாம் சரி சொல்லிவிட்டு அது ஒரு கேள்வி கேட்டதாம்: பெறுபவர் பெயரை உங்கள் பெயராக மாற்றிவிடட்டுமா?

"ஏன்னு கேட்டேன் எழிலு. காரணத்தை வெளியிட எனக்கு அனுமதி இல்லைங்குது. என் வீட்டு மிஷின், என் பொண்டாட்டி பேரு. எங்கிட்டச் சொல்ல அனுமதி இல்லையாம். நீ அங்கதான வேலை செய்யற, அது என்ன விஷயம்?"

புதிய பதிப்பு, ஏதோ பிழை, திங்கட்கிழமை சரி செய்துவிடுவோம் என்றாள் எழில். தகரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பிழைன்னா பிழைன்னு சொல்லும். அனுமதி இல்லைன்னு ஏன் சொல்லுது?" என்றார். பிறகு, சாப்பிட வீட்டுக்குத்தான் போகிறேன், மதியிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

எழில் உடனே அக்காவை அழைத்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். அதே பதில். கையேட்டில், வெளியிட அனுமதி இல்லை என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அக்காவுக்காகத்தான் எழுதினாள். அதை எழுதாமல் விட்டிருந்தால் ஏஜென்ட் பேச்சோடு பேச்சாக, மேடம் அன்றைக்கு வீட்டில் இல்லாமல் போகலாம் என்று சொல்லியிருக்கும். அவரும் கோயிலுக்கோ எங்கோ போகிறாள் என்று விட்டிருக்கலாம். அல்லது விட்டிருக்க மாட்டாரோ? எதை எழுதியிருக்க வேண்டும் என்பது இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. கிடைத்த துணியை மாட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்கு ஓடினாள். பஸ் காங்கேயம் தாண்டும்வரை அக்காவின் எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தாள்.

கரூரில் இறங்கும்போது மணி நான்கு. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. செருப்பு வைக்கும் இடத்தில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. கிருபாகரன் பட்டறைச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் டீப்பாயில் ஒரு தாள். அவரே அதை எழிலிடம் நீட்டினார். பாப்பாவும் நானும் நன்றாக இருப்போம், பயப்பட வேண்டாம், தேட வேண்டாம் என்று அக்காவின் கையெழுத்தில் இருந்தது. குழம்பும் பொரியலும் அடுப்பில் மூடி வைத்திருந்தாள். அவர் தொடவில்லை.

அக்கா காலை பத்தரைக்கே போயிருந்தாள். கதவு திறந்த செய்தி அவருக்கு வந்ததாம். பதினைந்து நிமிடத்தில் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று இருந்தவரைப் பார்க்கப் பட்டறைக்கு யாரோ வந்துவிட்டார்கள். மறந்துவிட்டார். பதினொரு வருடத்தில் இன்று ஒருநாள்தான் மறந்தேன் என்றார்.

அவர் கத்துவார், வந்து சட்டையைப் பிடிப்பார் என்றெல்லாம் எழில் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் குழந்தைபோல முழித்துக்கொண்டிருந்தார். நான் அடித்திருக்கிறேனா, ஒருநாள் பட்டினி போட்டிருக்கிறேனா, நீயே சொல் என்றார். பதில் எழிலிடம் இருந்தது. அதை எந்த வார்த்தையில் சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று தோன்றியது. பிறகு அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மாமா."

கிருபாகரன் மெதுவாகத் தலையசைத்தார். "மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

எழில் அங்கிருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே போனாள். அவர்மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காகத் தன்மேல் கோபமும் வந்தது.

திங்கட்கிழமை ரெபேக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அப்புறம் தாஜுதீனைக் கூப்பிட்டு, அன்று சாயங்காலத்துக்குள் அந்த எண் வெளியே எந்த ஏஜென்ட்டுக்கும் போகாதபடி நிறுத்தச் சொன்னார். அது இனி கம்பெனிக்குள் இருக்கும் சோதனைத் திரையில் மட்டும்தான். கையேட்டிலிருந்து எழிலின் நான்கு வாக்கியங்களும் போயின. அந்த வாரமே பூட்டிய வீடுகளிலிருந்து திரும்பி வரும் பார்சல்கள் பழையபடி கூடின. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போகும்போது எழில் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கருவி சரியாகச் சொன்னதா, தவறாகச் சொன்னதா என்று தாஜுதீனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பதினைந்து என்று சொன்னது, பதின்மூன்றாம் தேதியே போய்விட்டார்கள், அப்படியானால் இரண்டு நாள் தவறு என்றார். அக்கா ஒரு வாரம் கழித்துப் புது எண்ணிலிருந்து பேசியபோதுதான் காரணம் தெரிந்தது. நீ மாடியில் வைத்துப் பதினைந்து என்று சொன்னதும் பயந்துவிட்டேன், அந்தத் தேதி ஏற்கெனவே எங்கோ எழுதி வைத்திருக்கிறது என்றால் அந்தத் தேதியில் போகக்கூடாது என்று பட்டது என்றாள் அக்கா.

கிருபாகரன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மதியரசியே ஸ்டேஷனுக்குப் போன் செய்து, தன் விருப்பத்தில்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னாள். திண்டுக்கல்லில் அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் எழிலைக் கூப்பிட்டு, இத்தனை வருடம் அவள் ஸ்பீக்கரில் பேசியதை, வீட்டில் எல்லாரும் கேட்கட்டும் என்ற பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே அம்மா என்றார்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா பேசினாள். ஸ்பீக்கரில் இல்லை. குரல் காதுக்கு மிக அருகில் இருந்தது. முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே வால்தனம். அறைக்குள் சாரல் அடிக்கிறது. யாழினி சாயங்காலம் ஆனால் அப்பா எப்போது வருவார் என்று அழுகிறாள். நேற்று அவர் எழுதிய கடிதம் ஸ்டேஷன் வழியாக வந்தது, அதில் ஒரு கேள்விகூட இல்லை, நீ நன்றாக இருக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை, ஒருவேளை திருந்திவிட்டாரோ என்று இருக்கிறது, ஒருவேளை அதுவும் என்னை வரவழைக்க ஒரு வழியோ என்றும் இருக்கிறது என்றாள். காலையில் எழுந்தால் கரூருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றுகிறதாம், வகுப்புக்குள் நுழைந்தால் போகவே கூடாது என்று தோன்றுகிறதாம்.

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "எழிலு, அந்தக் கருவி உங்க ஆபீஸ்ல இன்னும் இருக்குல்ல? அடுத்த மாசம் நான் இங்க இருப்பேனான்னு அதைக் கேட்டுச் சொல்லேன்."

எழில் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய விரல்கள் அதற்குள் சோதனைத் திரையைத் திறந்திருந்தன. தென்காசி முகவரியையும் மதியரசி என்ற பெயரையும் போட்டாள். ஆகஸ்ட் மாதத் தேதிகள் வரிசையாக வந்தன. ஞாயிறு உட்பட எல்லாவற்றுக்கும் நேராக முப்பத்தொன்று.

பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும் என்று தாஜுதீன் சொன்னது அவளுக்குத் தெரியும். பத்தில் ஒன்று எது என்பது யாருக்கும் தெரியாது. எதைப் பார்த்து அது முப்பத்தொன்று என்கிறது? வாங்காத எண்ணெயா? யாழினிக்கு இன்னும் ஒரு செருப்புகூட அந்த முகவரிக்கு வரவில்லை என்பதா? அக்கா மறுமுனையில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. எழில் திரையை மூடினாள்.

"அதுக்குத் தெரியலக்கா."

மதியரசி சிரித்தாள். எழில் பல வருடமாகக் கேட்காத சிரிப்பு அது. மூக்கால் சிரிக்கும் பழக்கம் அக்காவுக்குச் சின்ன வயதில் உண்டு.

"நல்லவேளை. எனக்கும் தெரியல," என்றாள். பிறகு, யாழினி தரையில் குனிந்து எழுதி எழுதிக் கழுத்து வலிக்கிறது என்கிறாள், ஒரு சின்ன மேசை வேண்டும், அனுப்ப முடியுமா என்று கேட்டாள். எழில் அங்கேயே பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். யார் பெயருக்கு அனுப்பட்டும் என்று கேட்டாள்.

"என் பேருக்குத்தான். எப்ப வரும்?"

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறுக்குள் என்றது கருவி. எழில் அதைச் சொன்னாள்.

"நாலு மணிக்கு ஸ்கூல் விட்டுரும்," என்றாள் அக்கா. "நான் வீட்லதான் இருப்பேன்."